சட்டைப்பையில் ஒரு நட்டு

தச்சர் செய்த முதல் தப்பு, காரில் பலகை ஏற்றியது. "டிரைவிங் டெஸ்ட் முடியிற வரைக்கும் அந்த வண்டியில ஒரு குச்சிகூட ஏத்தக் கூடாது" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குச்சி என்றுதானே சொன்னாள், பலகையைப் பற்றி வாயே திறக்கவில்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீலை உட்கார வைத்து வாதாடி ஜெயித்தார். பிறகு ஒரு அலமாரிக்கு வேண்டிய பலகைகள் அத்தனையையும் பின்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே திணித்தார். பலகை இடது பக்கக் கண்ணாடியை மறைத்தது. திருப்பத்தில் நடைபாதையின் ஓரக்கல் கண்ணில் படவில்லை. இடது முன்சக்கரம் அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் தொப்பென்று இறங்கியது. அதிலிருந்து வண்டி, சின்னப் பள்ளம் வந்தாலும் போதும், "டொக்" என்றது.

மெக்கானிக் கடை பக்கத்துத் தெருவில்தான். அந்த மெக்கானிக்கை ஊரே 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். அவர் குனிந்து பார்த்தார், சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

"லோயர் ஆர்ம் வளைஞ்சிருச்சு. மாத்தணும்."

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலும் கீழும் ஆட விடுகிற ஒரு இரும்புக் கை. அது வளைந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்க்கும்.

"எப்ப மாத்துவீங்க?"

"நாளைக்கு."

"டெஸ்ட்டே நாளைக்குக் காலையிலதாங்க."

"அப்ப நாளன்னைக்கு."

தச்சர் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. அலமாரிக்குள்ளிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். "இந்த வண்டிக்கு இதுதான். புது நட்டெல்லாம் உள்ளேயே இருக்கு. நாலு போல்ட் விஷயம். நீங்க பூட்டாத போல்ட்டா?" என்றார். தச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உச்சி குளிர்ந்த மனிதன் எந்தக் குழியிலும் சிரித்துக்கொண்டே இறங்குவான்.

அந்த டெஸ்ட் சாதாரண டெஸ்ட் அல்ல. தச்சரின் மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ். பாதி மாதம் ராத்திரி டியூட்டி. அவள் வீட்டுக்கு வரும்போது அவர் பட்டறைக்குக் கிளம்புவார். சாவியை வாசலில் கைமாற்றிக்கொள்வதுதான் குடித்தனம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற பகல்நேர வேலை ஒன்று இப்போது காலியாகியிருந்தது. அது அவளுக்குத்தான் என்று பெரிய நர்ஸ் வாக்கே கொடுத்துவிட்டார். ஆனால் கார் ஓட்டும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இந்தத் தடவையும் தோற்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றிருந்தாள். முதல் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் ஆய்வாளரைப் பார்த்து "போகட்டுமா சார்?" என்று அனுமதி கேட்டதற்கு. இரண்டாவது தடவைதான் கொடுமை. திடீர் நிறுத்தம் என்று ஒரு சோதனை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆய்வாளர் டாஷ்போர்டைத் தட்டுவார், தட்டிய நொடியில் வண்டி நிற்க வேண்டும். அவர் தட்டினார். இத்தனை வருஷமாகக் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிடும் நோயாளிகளோடு பழகியவள் அல்லவா? வண்டியை ஓட்டிக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, "என்ன வேணும் சார், தண்ணியா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டாள். அந்த அன்புக்கு மார்க் இல்லை.

ஆகவே தச்சர் முடிவு செய்தார். அன்றைக்கு அவளுக்குப் பகல் டியூட்டி; சாயங்காலம் அவள் வருவதற்குள் ஆர்மை மாற்றிவிட வேண்டும், பலகை ஏற்றிய கதை அவள் காதுக்கே போகக் கூடாது. துணைக்கு மச்சினனைக் கூப்பிட்டார்.

மச்சினன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவன் தொழில். தொழில் வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையும் இரண்டு தடவை சொல்வான். "அக்கா, உப்புக் கம்மி" என்பதைக்கூட ஒருமுறை சொல்லி, மூச்சு வாங்கி, அதே ராகத்தில் மறுபடி சொல்வான். இந்த வீட்டு மாப்பிள்ளையான நாளிலிருந்து தச்சர் அந்தக் குரலைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரயில் நிலையத்தில்கூட அவன் சொல்வதை யாரும் கேட்பதில்லை. சொல்லி முடித்த மறுநிமிஷம் பக்கத்தில் இருப்பவனிடம் "இப்ப என்ன சொன்னாங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

பட்டறை முற்றத்தில் வேலை ஆரம்பித்தது. மச்சினன் போனில் ஒரு செய்முறை விளக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்தான்.

"கவனிக்கவும். முதலில் சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்றுத் தளர்த்தவும். கவனிக்கவும். முதலில் சக்கர நட்டுகளை..."

"தளர்த்தியாச்சு மாப்ள."

"முடிச்சுக்கிறேன் மாமா. பாதியில நிறுத்துனா எனக்குத் தொண்டையில நிக்கும்."

ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கிகளை அடியில் கொடுத்து, நம்பிக்கைக்கு இரண்டு தேக்குக் கட்டைகளையும் சொருகி, சக்கரத்தைக் கழற்றினார் தச்சர். உள்ளே அழுக்கும் துருவுமாக அந்த ஆர்ம். இரண்டு போல்ட் வண்டிப் பக்கம், புஷ் என்கிற ரப்பர் வளையங்களுக்குள்ளே. இன்னொரு நுனியில் பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு, சக்கரம் மாட்டும் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் நட்டைக் கழற்றி, தச்சர் வழக்கப்படி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டறையில் எதையும் கீழே வைக்க மாட்டார். அவர் சட்டையைத் துவைக்கப் போட்டால் மனைவி முதலில் காந்தத்தை எடுத்துக்கொண்டுதான் வருவாள்.

நட்டு வந்தது, ஜாயிண்ட் வரவில்லை. தச்சர் அதைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மரச்சுத்தியலால் செல்லமாக இரண்டு போட்டார்.

"மரமா இருந்தா இந்நேரம் விட்டுக் குடுத்திருக்கும். மரத்துக்கு மனசு உண்டு. இது கல்நெஞ்சு."

"இரும்பு நெஞ்சு மாமா."

"நீ வாசி."

"பால் ஜாயிண்ட் இறுகியிருப்பின், அதைச் சுற்றியுள்ள பாகத்தின் பக்கவாட்டில் பலமாகத் தட்டவும். பால் ஜாயிண்ட் இறுகியிருப்பின்..."

தச்சர் மரச்சுத்தியலைக் கடாசிவிட்டு இரும்புச் சுத்தியலை எடுத்து ஓங்கிப் போட்டார். மச்சினன் இரண்டாவது தடவை "தட்டவும்" என்று முடிக்கிற நேரத்தில் ஜாயிண்ட் டங்கென்று கழன்று ஆர்ம் தொங்கியது. தன் குரலுக்குத்தான் அது பயந்தது என்று அவன் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறான்.

புஷ் போல்ட்டுகளும் வந்தன. பழைய ஆர்மையும் புது ஆர்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தச்சர் டேப்பால் அளந்து, காதில் இருந்த பென்சிலால் தரையில் கோடு போட்டு ஒப்பிட்டார். பழையது விரல் மொத்தத்துக்கு வளைந்திருந்தது. ஓரக்கல் செய்த வேலை. ஓரக்கல் என்ன செய்யும் பாவம், அது பாட்டுக்கு இருந்தது.

"பெட்டியில் உள்ள புது நட்டையே பயன்படுத்தவும், பழைய நட்டை அப்புறப்படுத்தவும்" என்று மச்சினன் இரண்டு தடவை அறிவித்தான். தச்சர் புது ஆர்மைத் தூக்கி ஓட்டைகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்த நட்டு கைக்குப் பக்கத்தில் கிடந்தது, அதைப் போட்டார். அவ்வளவுதான். காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கவனிக்கவும். புஷ் போல்ட்டுகளை இப்போது கையால் மட்டும் முடுக்கவும். வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தின் மேல் வந்த பிறகே முழுவதுமாக இறுக்கவும். கவனிக்கவும்..."

இந்த இடத்தில் தச்சரின் தொழிலே அவர் காலை வாரிவிட்டது. அலமாரியைப் படுக்க வைத்துத்தான் பூட்டுவார்கள். படுத்திருக்கும்போதே எல்லா ஸ்க்ரூவையும் உயிர் போக இறுக்கிவிட்டு, பிறகு நிமிர்த்தி நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு முடுக்குகிறவனைப் பட்டறையில் தச்சன் என்று யாரும் மதிக்க மாட்டார்கள். அவர் நீளமான ஸ்பேனரைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, ஒவ்வொரு போல்ட்டையும் முனகும் வரை இறுக்கினார். மச்சினன் எதிரிலேயே அறிவித்துக்கொண்டிருந்தான். அவனும் போனைத்தான் பார்த்தான், அவர் கையைப் பார்க்கவில்லை. அறிவிப்பாளன் எவன்தான் ரயிலைப் பார்த்திருக்கிறான்?

சக்கரம் மாட்டி வண்டியை இறக்கினார்கள். இருவரும் பின்னால் தள்ளிப் போய், கையைத் துடைத்துக்கொண்டு, பெருமையாகப் பார்த்தார்கள். பெருமை மெல்ல வடிந்தது.

வண்டி இடது தோளைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரோ ஏதோ கேட்டதற்கு "எனக்கென்ன தெரியும்" என்று சொல்வது போன்ற நிற்பு.

"மாப்ள, தரை சரியில்லையோ?"

தள்ளி வேறு இடத்தில் நிறுத்தினார்கள். அங்கேயும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தச்சர் முன்பக்க என்ஜின் மூடியின் மேல், இடது ஓரமாக ஏறி உட்கார்ந்தார். மச்சினனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அங்கே உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் வாசல் கதவு திறந்தது.

மனைவி யூனிஃபார்மோடு நின்றாள். முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகு அதன் மேல் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகளைப் பார்த்தாள். வேறு யாராவது சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டுமா?

"பலகை ஏத்துனீங்களா?"

"குச்சின்னுதானே நீ..." என்று ஆரம்பித்தவர், அவள் கண்ணைப் பார்த்ததும் வக்கீலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஓரக்கல், டொக், நாளைக்கு, ஆர்ம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். "உன்கிட்ட சொன்னா நாளைக்குப் பதட்டத்துல ஓட்டுவியேன்னு..." என்று கடைசியில் மென்று விழுங்கினார். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அவள் அந்த வேலையை எவ்வளவு விரும்பினாளோ, அதைவிட ஒரு படி கூடுதலாக அவர் விரும்பினார். ராத்திரி தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறவர் அவர்தானே.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கைப்பையை மச்சினன் மடியில் வைத்துவிட்டு, சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். வார்டில் ஒரு காலைப் பார்க்கிற அதே பார்வை.

"இதை இறுக்கும்போது சக்கரம் எங்க இருந்துச்சு?"

"தொங்கிட்டு இருந்துச்சு."

"காலைத் தொங்கப் போட்டபடியே முட்டிக்கு மாவுக்கட்டு போட்டுட்டு, எழுந்து நில்லுன்னா நோயாளி எப்படி நிப்பான்?"

தச்சர் யோசித்தார். "இப்படித்தான் நிப்பான்."

"அந்த ரப்பர் தொங்குற நிலையிலயே கட்டிப் போட்டாப்புல மாட்டிக்கிச்சு. இப்ப நிக்கச் சொன்னா முறுக்கிக்கிட்டுதான் நிக்கும். கட்டைப் பிரிங்க. நிக்க வெச்சுட்டு, அப்புறம் கட்டுங்க."

"இதைத்தான் நான் சொன்னேன்" என்றான் மச்சினன். "ரெண்டு தடவை சொன்னேன்."

போனை நீட்டினான். அக்கா படித்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இவன் சொல்றதை யாரும்மா கேப்பாங்க?" என்றார் தச்சர்.

"நான் கேப்பேன். சின்ன வயசுல இவன் 'அக்கா, நாய் வருது'ன்னு ரெண்டு தடவை சொன்னான். நான் முதல் தடவையே ஓடிட்டேன். ரெண்டாவது தடவைக்கு நின்னவங்களைக் கடிச்சுது."

நின்ற நிலையில் அடியில் புகுந்து இறுக்க இடம் வேண்டுமே. அதற்கு வழி கண்டவர் தச்சர்தான். அந்தப் பாழாய்ப்போன பலகைகளை அடுக்கி, முன்சக்கரம் இரண்டுக்கும் ஏற்றம் கட்டினார். மனைவி ஸ்டீயரிங் பிடித்து, அங்குலம் அங்குலமாக ஏற்றினாள். யாரிடமும் "போகட்டுமா" என்று கேட்கவில்லை, கோபத்தில் மறந்திருப்பாள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வைத்த பிறகு தச்சர் அடியில் ஊர்ந்தார். புஷ் போல்ட்டைத் தளர்த்தியதும் வண்டி "உஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, தூக்கிய தோளை இறக்கிக்கொண்டது. அவர் அந்த நிலையிலேயே இறுக்கினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். டொக் இல்லை. மூவரும் டீ குடித்தார்கள். மனைவி அவரிடம் மட்டும் பேசாமல் குடித்தாள்.

மறுநாள் காலை டெஸ்ட் மைதானத்தில், கம்பி வேலிக்கு வெளியே தச்சரும் மச்சினனும் நின்றார்கள். உள்ளே வண்டிகள் பல ஊர்ந்துகொண்டிருந்தன. அவர்களுடைய வெள்ளைக் காரில் அதே பழைய ஆய்வாளர், மடியில் அட்டையோடு, போன தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப்பட்ட அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். வண்டி நன்றாகத்தான் போனது. எட்டுப் போட்டாள், பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். தச்சருக்குப் பதட்டத்தில் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டார். நேற்றைய அதே சட்டை, ராசிக்காகப் போட்டுக்கொண்டு வந்தது.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். ஒரு பெரிய நட்டு.

அலமாரி பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால் அவர் கவலைப்பட்டதே இல்லை, எப்போதும் மிஞ்சும். ஆனால் எந்த அலமாரியும் மனைவியை ஏற்றிக்கொண்டு ஓடியதில்லை. இது பால் ஜாயிண்ட் நட்டு. இது இங்கே இருக்கிறதென்றால் அங்கே இல்லை. அங்கே இல்லையென்றால் அடுத்த திருப்பத்தில் சக்கரம் தனி, அவள் தனி.

"ஏம்மா, நிறுத்து" என்று கத்தினார். மரத்தூளில் ஊறிய தொண்டை, வேலியைக்கூடத் தாண்டவில்லை. மச்சினன் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாப்ள, வண்டியை நிறுத்தச் சொல்லு. கேக்காதே, சொல்லு."

மச்சினன் ஏன் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் மாமா அவனைப் பேசச் சொன்னது இதுதான் முதல் தடவை. கழுத்தை நிமிர்த்தி, வயிற்றிலிருந்து எடுத்தான்.

"கவனிக்கவும். மைதானத்தில் ஓடும் வெள்ளை நிறக் கார் உடனடியாக நிற்கவும்."

மைதானத்தில் இருந்த யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வேறு மூன்று வெள்ளைக் கார்கள் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் "இப்ப என்ன சொன்னாங்க?" என்றார்.

ஒரே ஒரு கார் மட்டும், முதல் தடவையிலேயே, ஆணி அடித்த மாதிரி நின்றது.

உள்ளே ஆய்வாளரின் கை டாஷ்போர்டுக்கு மேலே அந்தரத்தில் இருந்தது. திடீர் நிறுத்தத்துக்காகத் தட்டப் போனவர், தட்டுவதற்குள் வண்டி நின்றதால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

தச்சர் வேலிக் கதவு வழியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். உள்ளங்கையில் நட்டை வைத்து நீட்டினார். ஆய்வாளர் இறங்கி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடிக்கச் சொல்லி, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"இதோ பளபளன்னு புது நட்டு இருக்கே."

தச்சரும் குனிந்தார். இருந்தது. அவரே போட்டது. அவருக்கு உயிர் வந்தது, கூடவே மானம் போனது. வேலிப் பக்கமிருந்து குரல் நிதானமாக வந்தது.

"பெட்டியில் உள்ள புது நட்டையே பயன்படுத்தவும், பழைய நட்டை அப்புறப்படுத்தவும். நேத்தே சொன்னேன் மாமா. ரெண்டு தடவை."

ஆய்வாளர் நிமிர்ந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நாங்க தட்டுன பிறகு நிறுத்துறவங்களுக்கு மார்க் போடுவோம். தட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துனவங்களுக்கு எவ்வளவு போடுறதுன்னு எங்க ஆபீஸ்ல சொல்லலை" என்றார். பிறகு வண்டியில் ஏறி, "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார். பாதி மைதானம் போனதும் டாஷ்போர்டைத் தட்டினார். வண்டி நின்ற நிற்பில் அவர் பேனா பறந்து போய் முன்கண்ணாடியில் மோதியது. அவள் திரும்பவும் இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவும் இல்லை. வேலியோரம் நின்ற கணவரையே முறைத்துக்கொண்டிருந்தாள். தேறிவிட்டாள். "சக்கர அலைன்மென்ட் மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார் ஆய்வாளர்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். முன்சீட்டு தம்பிக்கு. தச்சர் பின்சீட்டில், நட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு, சாதுவாக. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அடுத்த மாசத்துலேர்ந்து ராத்திரி நான்தான் சமைப்பேன்னு கனவு காணாதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சமைப்போம்" என்றாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. தச்சருக்குக் கண் கலங்கிவிட்டது, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிக்னலில் வண்டி நின்றதும் மச்சினன் தொண்டையைச் செருமினான்.

"கவனிக்கவும். இந்த வண்டியில் பலகை ஏற்றும் சேவை இன்று முதல் நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது."

பச்சை விழுந்தது, அவள் யாரையும் கேட்காமல் கிளப்பினாள். தச்சர் முன்சீட்டின் மேல் கையை ஊன்றி, காதை அவன் பக்கம் கொண்டுபோனார்.

"இன்னொரு தடவை சொல்லு மாப்ள."